முதல் அதிரசம்

முதல் அதிரசம் எண்ணெயில் விழும் நேரத்தில் அக்கம்மாள் அடுப்படியில் இருந்ததே இல்லை. மாவை வாழை இலையில் தட்டி, இலையோடு கருப்பியின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போய்விடுவாள். அங்கே துவைகல்லைப் பார்த்தபடி, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். சட்டியில் போட்டது மேலே எழும்பி, புரண்டு, சிவந்ததும் கருப்பி "வாங்கக்கா" என்று குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வருவாள். வந்துவிட்டால் ஐந்நூறானாலும் ஆயிரமானாலும் கடைசி அதிரசம் வரைக்கும் அடுப்பை விட்டு நகரமாட்டாள்.

பதினெட்டு வருஷம் இப்படித்தான் நடந்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாகு வைத்தவளின் கண் முதல் அதிரசத்தில் படக்கூடாதாம், அது ஒரு முறை என்றார்கள் சிலர். குலசாமிக்கு ஏதோ வேண்டுதல் என்றார்கள் சிலர். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி இதைப் பார்த்துவிட்டுப் போய், தன் வீட்டிலும் பாகு வைக்கிற மருமகள் முதல் அதிரசத்துக்கு வெளியே போய் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். உச்சி வெயிலில் நின்ற அந்த மருமகள், "இது எந்த ஊரு முறை?" என்று கேட்டாளாம். "நல்லா வர்ற ஊரு முறை, பேசாம நில்லு" என்று பதில் வந்ததாம்.

உண்மையான காரணம் கருப்பிக்கு மட்டும் தெரியும்.

கருப்பி அக்கம்மாளைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு பேருக்கும் சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரே ஊர், அடுத்தடுத்த தெரு. செட்டியார் வீடுகளில் கல்யாணம் வந்தால் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் பலகாரம் போகும். அதிரசத்துக்கு என்று அக்கம்மாளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அக்கம்மாளோடு கருப்பியும் போவாள். அரிசி இடிப்பது, சலிப்பது, அடுப்பு எரிப்பது எல்லாம் கருப்பி. பாகு மட்டும் அக்கம்மாள். கருப்பி அதிகம் வாய் திறக்கிறவள் இல்லை. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் பேச்சில் தவறவிட்டதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. ஒருமுறை முதல் அதிரசத்தைப் போட்டுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அக்கம்மாள் கிணற்றுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

வேண்டுதல் செய்கிறவளுக்கு அப்படி நடுங்காது என்று கருப்பி அன்றைக்கே தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அதிரசம் பொல்லாத பலகாரம். தேன்குழல் சரியாக வராவிட்டால் முதல் ஈட்டிலேயே தெரிந்துவிடும், அப்போதே மாவைத் திருத்திக்கொள்ளலாம். அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரை ஈரத்தில் இடித்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறிப் பானையில் கட்டி வைத்துவிட்டால், மூன்றாம் நாள்தான் சட்டி வைப்பது. பாகு ஒரு கொதி கூடினால் கல்லாகும். ஒரு கொதி குறைந்தால் எண்ணெயில் பிரிந்து போகும். எது ஆகும் என்பது மூன்றாம் நாள் காலையில், முதல் அதிரசம் எண்ணெயைத் தொடும்போதுதான் தெரியும். அதுவரைக்கும் பானை வாயைத் திறந்து எதுவும் சொல்லாது. அந்த மூன்று நாளும் அக்கம்மாளுக்குச் சோறு இறங்காது.

ஆரம்பத்தில் இவ்வளவு பயம் இல்லை. சின்ன வயதில் அவள் காளியாயி என்ற பலகாரக்காரிக்கு எடுபிடியாக இருந்தாள். ஒருநாள் ஒரு வீட்டில் காளியாயியின் அதிரசம் பிரிந்துவிட்டது. அக்கம்மாள் அப்போது பின்கட்டில் உரலடியில் இருந்தாள். உள்ளே யாரோ சத்தம் போட்டது கேட்டது. கொஞ்ச நேரத்தில் காளியாயி தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதைப் பார்த்தாள். அதற்கப்புறம் காளியாயியை எந்த வீட்டிலும் கூப்பிடவில்லை. உள்ளே சட்டியில் என்ன நடந்தது என்று அக்கம்மாள் பார்க்கவில்லை. போன முதுகை மட்டும்தான் பார்த்தாள்.

காளியாயி இல்லாத இடத்துக்கு அக்கம்மாள் வந்தாள். முதல் கல்யாணம் நன்றாக முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மாப்பிள்ளை வீட்டு ஆச்சிமார் அதிரசத்தைப் பிட்டு, உள்ளே பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பத்து வருஷத்தில், "அதிரசம் யாரு? அக்கம்மாளா? அப்பச் சரி" என்று பேசிக்கொள்ளும்படி ஆயிற்று. ஒருதரம்கூடப் பிரிந்ததில்லை, ஒருதரம்கூடக் கல்லானதில்லை.

வேறு யாராக இருந்தாலும் தைரியம் வந்திருக்கும். அக்கம்மாளுக்கு ஒவ்வொரு கல்யாணம் நல்லபடியாக முடிய முடியப் பயம்தான் கூடியது. இருபது கல்யாணம் பிரியாதவளுக்கு இருபத்தொன்றாவது பிரிந்தால் ஒன்றுதான் போகும் என்று கருப்பி நினைத்தாள். இருபத்தொன்றும் போகும் என்று அக்கம்மாள் நினைத்தாள்.

பயம் கூடக் கூட நிபந்தனையும் கூடியது. அரிசி ஒக்கூர்ப் பக்கத்து ஒரு வயலில் விளைந்த பழைய அரிசியாக இருக்க வேண்டும். வெல்லம் ஒரே ஆலையில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியைத் தன் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போனாள். புது வீட்டிலிருந்து ஆள் வந்தால் காய்ச்சல் என்றாள். ஐப்பசி, கார்த்திகை என்றால் வயிற்றுவலி என்றாள். மழை மாதத்தில் அரிசி சரியாக உலராது.

பலகாரம் செய்ய வரும் மற்றப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "அக்கம்மா அரிசிக்குச் சாதகம் பாத்துத்தேன் உரலுல போடுவா" என்பாள் ஒருத்தி. "வெல்லத்துக்கு?" என்பாள் இன்னொருத்தி. "அதுக்குப் பொருத்தம் பாக்கணுமில்ல!" அக்கம்மாளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சல்லடையைத் தட்டித் தட்டி மூன்றாவது முறை சலிப்பாள்.

காரைக்குடிக்கு ரயில் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, கார்த்திகை மாதத்தில், மீனாள் ஆச்சி வீட்டுக் கல்யாணம் வந்தது. ஆச்சியின் ஒரே மகளுக்குக் கல்யாணம். அக்கம்மாளை முதன்முதலில் அழைத்துப் பேர் வாங்கித் தந்த வீடு அது. வயிற்றுவலி சொல்ல முடியவில்லை.

"மழை பெய்யுதே ஆச்சி" என்றாள் அக்கம்மாள்.

"மழைய நானா பெய்யச் சொன்னேன்? வந்து வேலையப் பாருடி" என்றார் ஆச்சி.

மூன்று நாளும் தூறல் விடவில்லை. அரிசியைக் கூடத்தில் துணி விரித்து உலர்த்தினார்கள். கருப்பி இடித்தாள். அக்கம்மாள் பாகு வைத்தாள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். உருட்ட வந்தது. இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் வந்தது. மாவைக் கொட்டிக் கிளறிப் பானையில் வைத்துத் துணி கட்டினாள். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

முன்பெல்லாம் அந்தத் துணியை மூன்றாம் நாள்தான் அவிழ்ப்பாள். பிறகு நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. இந்தத் தடவை முதல் நாள் மட்டும் ஐந்துமுறை அவிழ்த்ததைக் கருப்பி பார்த்தாள். மாவு ஆறினால் இறுகும், அது எப்போதும் உள்ளதுதான். அக்கம்மாள் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்கோடி?"

"எப்பவும் போலத்தேன்க்கா இருக்கு."

அக்கம்மாள் போனாள். திரும்பி வந்தாள். மத்தியானம் கருப்பி சல்லடை கழுவிக்கொண்டிருந்தபோது, அக்கம்மாள் ஓரமாக அடுப்பு மூட்டிக் கொஞ்சம் பாகு காய்ச்சி, ஒரு கரண்டி எடுத்துப் பானையில் ஊற்றிப் பிசைந்தாள். மறுநாள் இன்னும் ஒரு கரண்டி. கருப்பி இரண்டையும் பார்த்தாள். வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பதினெட்டு வருஷம் பிரியாத கைக்கு அடுப்பு எரிக்கிறவள் என்ன சொல்வது என்று சல்லடையைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை சட்டி வைத்தார்கள். ஆச்சி முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கம்மாள் மாவைத் தட்டி இலையைக் கருப்பியிடம் கொடுத்தாள். தூறலோடு கிணற்றடிக்குப் போனாள்.

கருப்பி அதிரசத்தை எண்ணெயில் நழுவவிட்டாள். அது அடியில் போய் மேலே வந்தது. வந்ததும் ஓரம் நுரைத்தது. நுரை உள்ளே ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிரசம் நடுவில் கிழிந்து, துணுக்குத் துணுக்காகச் சட்டி முழுவதும் பரவிவிட்டது.

கருப்பி "வாங்கக்கா" என்று சொல்லவில்லை.

அந்தச் சத்தமில்லாத நேரம் எவ்வளவு நீளம் என்று அக்கம்மாளுக்குத்தான் தெரியும். கருப்பி திரும்பிப் பார்த்தபோது கிணற்றடியில் ஆள் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. அக்கம்மாள் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு சந்து முனையில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"எங்குட்டுப் போறா அவ?" என்று எழுந்தார் ஆச்சி.

"வீட்டுக்குப் போறாக."

"எதுக்கு?"

கருப்பி சட்டியைக் காட்டினாள். ஆச்சி குனிந்து பார்த்தார். "இதுக்கா? பொண்ணுக்காரி நானே அழுகலை. எண்ணெய் கருகுது பாரு, மொதல்ல துணுக்க அரிச்செடு. பெறகு என்ன செய்யலாம்னு சொல்லு."

கருப்பிக்கு என்ன செய்யலாம் என்று தெரியாது. இடித்ததில் மீந்த அரிசி மாவு ஒரு தட்டில் இருந்தது. ஒரு பிடி போட்டுப் பிசைந்து ஒன்று தட்டிப் போட்டாள். அதுவும் பிரிந்தது. இன்னொரு பிடி. அது பிரியவில்லை, ஆனால் ஓரம் வெடித்தது. தீயைத் தணித்து, இன்னும் அரைப்பிடி போட்டாள். நாலாவது பிரியாமல் நின்றது. பௌர்ணமி நிலா மாதிரி இல்லை. கொஞ்சம் கோணல். சாயங்காலத்துக்குள் நானூற்றுச் சொச்சம் தேறியது. மாப்பிள்ளை வீட்டில் பிட்டுப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள். "இந்தத் தடவ ஓரம் மொறுமொறுப்பா இருக்கே" என்று ஒரு கிழவர் இரண்டாவது கேட்டு வாங்கினார்.

மறுநாள் கருப்பி அக்கம்மாளின் சட்டியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு அதிரசத்தைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். தேறிவிட்டது என்று சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். அக்கம்மாள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலக்கா. நல்லாருக்குன்டுதேன் சொன்னாக."

அக்கம்மாளின் முகம் இன்னும் வாடியது. கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். "நான் இல்லாமலே முடிஞ்சுருச்சில்ல. இனிமே நான் வரலடி. நீயே போ" என்றாள்.

ஆச்சி இரண்டுமுறை ஆள் அனுப்பினார். அக்கம்மாள் போகவில்லை. சட்டியைக் கவிழ்த்துப் பரணில் போட்டாள். தன் வீட்டுத் தீபாவளிக்குக்கூட அதிரசம் சுடவில்லை. வண்டி ஓட்டுகிற அவள் புருஷன் சோணை, கருப்பியை வழியில் பார்த்தால் புலம்புவான். "தாயி, பிரிஞ்சது மீனாள் ஆச்சி வீட்டு மாவு. ரெண்டு வருசமாக் கஞ்சி குடிக்கிறது நானு. இதுல என்ன ஞாயம்?"

வேறு வழியில்லாமல் கருப்பி கல்யாணங்களுக்குத் தனியாகப் போனாள். அவள் பாகு அக்கம்மாளின் பாகு இல்லை. நாலு தடவைக்கு ஒரு தடவை பிரியும். பிரிந்தால் மாவு போடுவாள், கல்லானால் பால் தெளித்துப் பிசைவாள், எதற்கும் சரிவராத மாவைக் கரைத்துப் பணியாரமாக ஊற்றிவிடுவாள். ஆச்சிமார் திட்டுவார்கள். அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். திட்டும் கூப்பிடுவதும் ஒரே வாயிலிருந்து வரும் என்பது கருப்பிக்குப் புதிதாகத் தெரிந்தது. அது அக்கம்மாளுக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அக்கம்மாளை யாரும் திட்டியதே இல்லையே.

ரயில் வந்த வருஷம், தை மாதத்தில் ஒருநாள், கருப்பி ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கம்மாள் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் பலகாரம் போக வேண்டும். தன் வீட்டில் ஒன்று தட்டிப் போட்டுப் பார்த்திருந்தாள், பிரிந்தது. மாவு சேர்த்தும் பிரிந்தது. ஏன் என்று புரியவில்லை.

"பாத்துச் சொல்லுங்கக்கா."

"நான் பாக்கமாட்டேன். கொண்டு போயிரு."

கருப்பி போகவில்லை. முற்றத்து அடுப்பை மூட்டினாள். பரணிலிருந்த சட்டியைத் தானே எடுத்து அலம்பினாள். எண்ணெய் காய்ந்தது. மாவைத் தட்டினாள். அக்கம்மாள் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் நடந்தாள்.

கருப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா! இது என் மாவு. நான் வச்ச பாகு. பிரிஞ்சா என் பேருதேன் போகும். நீங்க என்னாத்துக்குப் படப்புக்குப் பின்னால போறீக?"

அக்கம்மாள் நின்றாள். திரும்பி வர வெட்கமாக இருந்தது, போகவும் வெட்கமாக இருந்தது. மெல்ல வந்து அடுப்புக்கு எதிரில் குந்தினாள். கருப்பி இலையைச் சாய்த்தாள்.

அது பிரிந்தது. முதலில் ஓரத்தில் பொடி நுரை. பிறகு பெரிய குமிழ். நடுவில் ஓர் ஓட்டை விழுந்து, ஓட்டை பெரிதாகி, துணுக்குகள் விலகி விலகிப் போயின. அக்கம்மாள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

"இப்புடித்தேன் இருக்குமா?" என்றாள்.

கருப்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில், இத்தனை ஆயிரம் அதிரசத்தில், ஒன்று பிரிவதை அக்கம்மாள் கண்ணால் பார்த்ததே இல்லை.

"இம்புட்டுத்தானாடி?"

"இம்புட்டுத்தேன்."

"இன்னொண்ணு போடு."

இன்னொன்றும் பிரிந்தது. மூன்றாவதற்கு அக்கம்மாள் சட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்துவிட்டாள். "நுரை ஓரத்துலயே நிக்குது பாரு. நடுவுக்கு ஓடல. பாகுல குத்தமில்லடி. மாவு நைஸா இல்ல, ஓரம் பிடிக்க மாட்டேங்குது. சல்லடை கிழிஞ்சிருக்கா?"

கருப்பி யோசித்தாள். "மூலையில கொஞ்சம்."

"கொஞ்சமாம்! குருணை பூராம் உள்ள கெடக்கு." அக்கம்மாள் பானையை இழுத்து மடியில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துப் பிசைய ஆரம்பித்தாள். வெகுநேரம் பிசைந்தாள். பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "ஆச்சி வீட்டுல அன்னைக்கு நுரை எங்கருந்து வந்துச்சு?"

கருப்பி பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு ஓடுச்சுக்கா. பாகு அளவுக்கு மேல கூடி மாவு எளகிப்போச்சு. நீங்க ரெண்டு கரண்டி ஊத்துனத நான் பாத்தேன். வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

அக்கம்மாளின் கை நின்றது. கருப்பி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாளு மாவு சரியாத்தேன் இருந்துச்சா?"

"சரியாத்தேன் இருந்துச்சு."

அக்கம்மாள் பானையின் ஓரத்தில் ஒட்டிய மாவையெல்லாம் வழித்துச் சேர்த்தாள். பிறகு ஒரு உருண்டையை எடுத்துத் தட்டினாள். இலையைக் கருப்பியிடம் நீட்டினாள். கருப்பி போட்டாள். அது நின்றது. அன்றைக்குச் சோணை வண்டியை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தபோது, தட்டில் பிரிந்த துணுக்கெல்லாம் குவிந்திருந்தன. உட்கார்ந்து அத்தனையையும் தின்றுவிட்டு, "இதே மாதிரி தினம் பிரியட்டும்" என்றான்.

அடுத்த முகூர்த்தத்துக்கு அக்கம்மாள் வந்தாள். எல்லாம் மாறிவிடவில்லை. அரிசியைப் பற்றி இன்னும் குறை சொல்கிறாள், மூன்று தடவை சலிக்கிறாள். பானைத் துணியை அவிழ்க்கப் போனால் கருப்பி கையைத் தட்டிவிடுகிறாள். அக்கம்மாள் இப்போது புது வீடுகளுக்கும் போகிறாள், கார்த்திகையிலும் போகிறாள். முதல் அதிரசத்துக்குக் கிணற்றடிக்குப் போவது மட்டும் விடவில்லை. கால் தானாகப் போகிறது என்கிறாள். காரைக்குடிப் பெரிய வீட்டு மருமகளும் இன்னும் வெயிலில் போய் நிற்கிறாளாம்.

அதிரசம் பிரியாமல் நின்றால் கருப்பி "வாங்கக்கா" என்கிறாள். பிரிந்தால் "பிரிஞ்சுபோச்சு, வாங்கக்கா" என்கிறாள்.

இந்த வருஷம் இதுவரை ஒன்பது கல்யாணம் செய்திருக்கிறார்கள். இரண்டில் பிரிந்தது. இரண்டு தடவையும் அக்கம்மாள் உள்ளே வந்தாள்.